தோளில் விழுந்த கை

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆகவே, கதை படித்துப் பயப்படுகிறவர்களிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. கைக்காசைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கி, இராத் தூக்கத்தைக் கெடுத்துக் கொண்டு, கொல்லைக் கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுபடியும் விட்ட இடத்திலிருந்து படிக்கிறார்களே, அவர்களைவிட நல்ல வாசகர்கள் ஓர் எழுத்தாளனுக்குக் கிடைப்பார்களா?

நானும் அப்படிப் பயந்தவன்தான். கல்லூரியில் இரண்டாவது வருஷம் படித்துக் கொண்டிருந்தேன். கோடை விடுமுறைக்குக் கிராமத்துக்குப் புறப்பட்டபோது, ரெயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் கடை பரப்பியிருந்த ஒருவரிடம் அட்டை கிழிந்த ஆங்கில நாவல் ஒன்றை வாங்கிக் கொண்டேன். 'தி உமன் இன் ஒயிட்' என்று பெயர். 'வெள்ளுடைப் பெண்' என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் வில்கி காலின்ஸ்.

ஊருக்குப் போன அன்றிரவே மின்சாரம் நின்று விட்டது. திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக் கொண்டு படிக்க ஆரம்பித்தேன். வால்டர் ஹார்ட்ரைட் என்ற இளைஞன் சித்திரம் கற்றுக் கொடுக்கும் வாத்தியார். ஹாம்ஸ்டெட்டில் இருக்கும் தாயாரைப் பார்த்துவிட்டு, நள்ளிரவுக்குப் பிறகு தன்னந்தனியாக லண்டனுக்குத் திரும்பி நடக்கிறான். நல்ல நிலா. சாலையில் ஈ காக்கை இல்லை. நாலு சாலைகள் சந்திக்கும் இடத்துக்கு வந்து, லண்டனை நோக்கித் திரும்பி, அடுத்த நாள் போகப் போகிற புது வேலையைப் பற்றி எண்ணமிட்டுக் கொண்டே நடக்கிறான். அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளை மெதுவாகத் தொடுகிறது.

அந்த வரியில் என் கண் இருக்கும்போது, என் தோள் மேலும் ஒரு கை விழுந்தது.

நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு மாடு கயிற்றை அறுத்துக் கொண்டது என்று பின்னால் சொன்னார்கள். "ஏண்டா இப்படி அலறுகிறாய்? மணி பன்னிரண்டு ஆகிறது. மண்ணெண்ணெய் தீர்ந்து போச்சு. படுத்துக்கோ" என்றாள் என் பாட்டி.

மூன்று நாளில் புத்தகத்தை முடித்தேன். பாட்டி கீரை ஆய்ந்து கொண்டே, "ராத்திரி அப்படி என்னடா பேய்க் கதை?" என்று கேட்டாள். பேய்க் கதை இல்லை என்று சொல்லி, முழுக் கதையையும் அவளுக்குச் சொன்னேன். தோளைத் தொட்டவள் பைத்தியக்கார விடுதியிலிருந்து தப்பி வந்தவள். அவளைப் போலவே ஜாடையுள்ள ஒரு பணக்காரப் பெண்ணை ஒரு பிரபு கல்யாணம் செய்து கொள்கிறான். பிறகு அவளுடைய பணத்துக்காக, அவள் செத்து விட்டாள் என்று சொல்லி வேறொருத்தியைப் புதைத்துவிட்டு, உயிரோடிருப்பவளைப் பைத்தியக்காரி என்று அடைத்து விடுகிறார்கள் என்று சொல்லிக் கொண்டு போனேன்.

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பேய்க்கு வேப்பிலை அடிக்கலாம். வீட்டிலே நாலு பேர் சேர்ந்து ஒருத்தியைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டால் அதற்கு எந்த இலையைடா அடிக்கிறது?" என்றாள். அவள் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணைப் புழக்கடை அறையில் வருஷக் கணக்காக வைத்திருந்தார்களாம். "கடைசி வரைக்கும் அவள் தெளிவாகத்தான் பேசினாள். தெளிவாகப் பேசப் பேச, முற்றிவிட்டது என்றார்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அந்தக் கதையைப் படித்தவர்கள் எத்தனையோ லட்சம் பேர். அவர்களில் அதை நன்றாகப் புரிந்து கொண்டவர்களைக் கணக்கெடுத்தால், அதை வாசிக்கத் தெரியாத என் பாட்டிக்கு முன் வரிசையில் இடம் உண்டு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, அந்தக் கதையை முதன் முதலில் படித்தவர்களிடம் போக வேண்டும்.

1859-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 30-ஆம் தேதி லண்டனில் 'ஆல் தி இயர் ரவுண்ட்' என்ற வாரப் பத்திரிகை பிறந்தது. விலை இரண்டு பென்ஸ். நடத்தியவர் சார்லஸ் டிக்கன்ஸ். முதல் இதழிலிருந்தே தம்முடைய 'இரு நகரங்களின் கதை'யைத் தொடராக வெளியிட்டார். அது நவம்பர் 26-ஆம் தேதி இதழில் முடிந்தது. அதே இதழில் அடுத்த தொடர்கதை ஆரம்பமாயிற்று. டிக்கன்ஸ் கை வைத்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு யாருக்குத் துணிச்சல் வரும்? வில்கி காலின்ஸுக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 35. சட்டம் படித்து, 1851-இல் பாரிஸ்டராகப் பதிவு செய்து கொண்டு, ஒரு வழக்குக் கூட நடத்தாதவர். அந்தப் படிப்பு வீண் போகவில்லை. கோர்ட்டில் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகக் கூண்டில் ஏறுவதுபோல, கதையின் பாத்திரங்கள் ஒவ்வொருவரும் தாம் கண்டதை மட்டும் சொல்லும்படி நாவலை அமைத்தார்.

40 வாரம் கதை ஓடியது. 1860 ஆகஸ்ட் 25-இல் முடிந்தது. முடிவதற்குள்ளேயே மூன்று பாகங்களாகப் புத்தகமும் வந்துவிட்டது. அச்சிட்ட 1000 பிரதியும் வெளியான நாளிலேயே தீர்ந்து போயிற்றாம்.

அந்த ஜனங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். வெள்ளுடைப் பெண் பெயரில் தொப்பிகள் வந்தன, மேலங்கிகள் வந்தன, வாசனைத் தைலம் வந்தது, நடன மெட்டுக்கள் வந்தன. தாக்கரே காலையிலிருந்து பொழுது சாயும் வரை எழுந்திருக்காமல் படித்தார். அப்போது நிதி மந்திரியாயிருந்த கிளாட்ஸ்டன் நாடகம் பார்க்கப் போவதாக இருந்தவர், புத்தகத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் போகாமலே இருந்துவிட்டார். விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் வாங்கி நண்பருக்குப் பரிசனுப்பினார். உமர் கய்யாமை ஆங்கிலத்தில் பாடிய பிட்ஸ்ஜெரால்டு, தமது மீன்பிடிப் படகுக்கு இந்தக் கதையில் வரும் மரியன் ஹால்கோம் என்ற பெண்ணின் பெயரை வைக்கலாமா என்று யோசித்தார்.

இந்த மரியன் பெரிய ஆச்சரியம். முக அழகு துளியும் இல்லாதவள் என்று ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். மேலுதட்டில் கொஞ்சம் மீசை கூட இருக்கிறது. கதாநாயகி லாரா பதுமை போல அழகி. ஆனால், படித்த ஆண்களில் பலர் மரியனிடம் மனதைப் பறிகொடுத்தார்கள். அவள் யாரைப் பார்த்து எழுதப்பட்டவள், அந்த நிஜப் பெண்ணைத் தாம் மணந்து கொள்ள முடியுமா என்று பிரம்மசாரிகள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்களாம்.

எனக்கு அந்தப் பிரம்மசாரிகளிடம் அனுதாபம் உண்டு. ஏனென்றால், கதையின் நடுப் பாகத்தில் வாசகனுக்கு நம்பிக் கொள்வதற்கு அவளைத் தவிர வேறு ஆளில்லை. மழை பெய்யும் இரவில், தாய் ஒருத்தியும் தகப்பனார் வேறுமான தன் தங்கை லாராவைக் காப்பாற்றுவதற்காக, மாடி விளிம்பில் நனைந்து கொண்டே உட்கார்ந்து, கீழே இரண்டு பேர் சதி செய்வதை ஒட்டுக் கேட்கிறாள். ஒருவன் லாராவின் கணவன் ஸர் பெர்சிவல் கிளைட். மற்றவன் பாஸ்கோ பிரபு. தடித்த உடம்பு, தேன் போன்ற பேச்சு, சட்டைக்குள் விளையாடும் வெள்ளெலிகள். கேட்டதையெல்லாம் மரியன் ஜுரத்தோடு ஜுரமாகத் தன் டைரியில் எழுதுகிறாள். எழுத்து தடுமாறுகிறது. பாதியில் நிற்கிறது.

பக்கத்தைத் திருப்பினால், அதே டைரியில் வேறொரு கையெழுத்து! பாஸ்கோ பிரபு மரியனின் டைரியை முழுவதும் படித்துவிட்டு, அவளுடைய அறிவையும் நடையையும் ஒரு ரசிகரைப் போலப் பாராட்டிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறான்!

கொலையோ, இரத்தமோ, பேயோ அங்கே இல்லை. ஆனாலும் வயிற்றில் ஐஸ் கட்டி விழுந்தது போல் ஆகிவிடுகிறது. யோசித்துப் பார்த்தால் காரணம் தெரியும். இத்தனை நேரம் அந்த டைரியை நாம் மட்டும் படிப்பதாக எண்ணிக் கொண்டிருந்தோம். வில்லனும் நம் தோளுக்குப் பின்னால் நின்று கொண்டு ஒவ்வொரு வரியாகக் கூடவே படித்திருக்கிறான். ஹாம்ஸ்டெட் சாலையில் வால்டரின் தோளில் விழுந்த கை இப்போது வாசகனின் தோளில் விழுகிறது. 25 வருஷமாகக் கதை எழுதுகிறேன். இந்த மாதிரி ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. இன்னும் வரவில்லை.

இவ்வளவு கெட்டிக்காரரும் ஓரிடத்தில் வழுக்கினார். கதையின் மர்மமெல்லாம் ஒரே ஒரு தேதியில் தொங்குகிறது. பெர்சிவலும் பாஸ்கோவும், நோயில் இறந்துபோன ஆன் காதரிக் என்ற வெள்ளுடைப் பெண்ணை 'லாரா' என்று புதைத்து விட்டு, உண்மை லாராவை 'ஆன் காதரிக்' என்று விடுதியில் அடைத்து விட்டார்கள். லாரா ஊரை விட்டு லண்டனுக்குப் புறப்பட்ட தேதி, அவளுடைய 'மரண'த் தேதிக்குப் பிந்தியது என்று ருஜுப் பண்ணிவிட்டால் மோசடி வெளியாகிவிடும். அந்தத் தேதிக்காகத்தான் வாசகர்கள் மூச்சைப் பிடித்துக் கொண்டு கடைசிப் பாகத்தைப் படிக்கிறார்கள்.

1860 அக்டோபர் 30-ஆம் தேதி 'டைம்ஸ்' பத்திரிகையில் மதிப்புரை வந்தது. நாவலைப் புகழ்ந்து விட்டு, விமரிசகர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். மரியன் இத்தனை நாள் ஜுரமாய்க் கிடந்தாள், அதற்குப் பிறகு இத்தனை நாள் சென்றன, ஆகவே லாரா புறப்பட்டதாக ஆசிரியர் சொல்லும் தேதியில் அவள் புறப்பட்டிருக்கவே முடியாது, இரண்டு வாரத்துக்கு மேல் உதைக்கிறது என்று காட்டினார். கோட்டையின் ஆணிவேரான கல்லையே உருவி விட்டார்! காலின்ஸ் மறுநாளே பிரசுரகர்த்தருக்குக் கடிதம் எழுதி, விமரிசகர் சொல்வது சரிதான் என்று ஒப்புக் கொண்டார். இதைவிடப் பெரிய தப்புக்களை ஷேக்ஸ்பியரே செய்திருக்கிறார் என்று ஆறுதலும் சொல்லிக் கொண்டார். 1861-இல் வந்த பதிப்பில் தேதிகளைத் திருத்தினார்.

இதைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஏனெனில், நான் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதியபோது, கதாநாயகனும் கதாநாயகியும் ஆற்று மணலில் நிலவில் பேசிக் கொண்டிருந்தார்கள். மூன்று இதழ்களுக்கு முன்னால் அவள் தந்தை அதே நாளில் அமாவாசைத் தர்ப்பணத்துக்கு ஏற்பாடு செய்திருந்ததை நான் மறந்து விட்டேன். கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டார். "தங்கள் கதையில் அமாவாசையன்று நிலா காய்கிறது. எங்கள் ஊரிலும் அப்படி ஏற்பாடு செய்ய முடியுமா?" என்று கேட்டிருந்தார். அன்று பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால், டைம்ஸ் விமரிசகர் கண்டுபிடித்த வரையில், இலட்சக் கணக்கான கண்கள் அந்தத் தப்பைத் தாண்டிச் சென்றிருக்கின்றனவே, அது எப்படி? வாசகர்கள் முட்டாள்களா? இல்லை. தேதியைக் கணக்குப் பார்க்கும் நிலையில் அவர்கள் இல்லை. அவர்களுடைய பயம் வேறு இடத்தில் இருந்தது. அந்த இடத்துக்கு இப்போது போகலாம்.

கதையில் லாராவின் கழுத்துக்குக் கத்தி வருவது சதிகாரர்களின் அறையில் அல்ல. ஒரு வக்கீலின் மேஜையில். அவளுக்குத் தகப்பனார் வழியில் 20,000 பவுன் வரவேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் எழுதும் சொத்து ஒப்பந்தத்தில், லாரா குழந்தையில்லாமல் இறந்தால் அந்தப் பணம் முழுவதும் கணவனுக்கே சேர வேண்டும் என்று பெர்சிவல் ஒரு ஷரத்துக் கேட்கிறான். குடும்ப வக்கீல் கில்மோர் பதறுகிறார். ஆனால் லாராவின் சிற்றப்பா ஒரு சோம்பேறி. சத்தமாகப் பேசினால் கூட நரம்பு வலிக்கிறது என்பவர். தொந்தரவு வேண்டாம் என்று சம்மதித்து விடுகிறார். அந்தக் கிழ வக்கீலின் வேதனையோடு அத்தியாயம் முடிகிறது. ஒரு பெண் செத்தால் ஒருவனுக்கு 20,000 பவுன் லாபம் என்று எழுதிக் கையெழுத்திட்டாகி விட்டது. இனி நடப்பதெல்லாம் அந்தக் காகிதத்தின் விளைவுதான்.

அன்றைய இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, விவாகமான பெண் தன் கணவனுக்குள் அடங்கியவள். அவள் கொண்டு வந்த ரொக்கமும் நகையும் அவனுடையவை. பணக்காரத் தகப்பனார்கள் மட்டும் தர்மகர்த்தாக்களை நியமித்து, தனி ஒப்பந்தம் எழுதிப் பெண்ணின் சொத்தைக் காப்பாற்ற முடியும். அந்த ஒப்பந்தத்தில் ஓட்டை விழுந்தால் அவ்வளவுதான். இதற்குச் சட்டம் மூலம் பரிகாரம் 1870-இல் கொஞ்சமும், 1882-இல் அதிகமும் கிடைத்தது. கதை வந்தபோது இரண்டும் இல்லை.

பைத்தியக்கார விடுதி விஷயமோ இன்னும் எளிது. பணம் கட்டும் தனியார் விடுதியில் ஒருவரைச் சேர்ப்பதற்கு, உறவினர் கையெழுத்திட்ட ஓர் உத்தரவும், இரண்டு டாக்டர்களின் சர்டிபிகேட்டும் போதும். மாஜிஸ்டிரேட்டைப் பார்க்க வேண்டியதில்லை. நீதிபதியின் உத்தரவு வேண்டும் என்ற விதி 1890-இல்தான் வந்தது.

இந்தக் கதைக்கு விதை எங்கே கிடைத்தது என்று காலின்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1856-இல் பாரிஸ் தெருவில் பழைய புத்தகக் கடையில் பிரெஞ்சு வழக்குகளைப் பற்றிய கிழிந்த தொகுதிகள் சில அவருக்கு அகப்பட்டன. என்னைப் போலவே அவரும் நடைபாதைப் புத்தக ஆசாமிதான். அதில் மதாம் டூஹோ என்ற விதவைச் சீமாட்டியின் வழக்கு இருந்தது. தகப்பனார் சொத்தைச் சகோதரன் அபகரித்துக் கொண்டான் என்று, 1788 ஜனவரியில் பாரிஸுக்கு நியாயம் கேட்கப் புறப்பட்டாள். வழியில் ஆர்லியான் நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கினாள். யாரோ ஒரு சிட்டிகைப் பொடி கொடுத்தார்கள். தலைவலி வந்தது, தூங்கிப் போனாள். விழித்தபோது பாரிஸில் ஸால்பெத்ரியேர் விடுதியில் இருந்தாள். அங்கே அவளுக்கு வேறு பெயர். வெளியே அவள் இறந்து விட்டதாகச் சொல்லிச் சொத்தைப் பங்கு போட்டார்கள். 1789-இல் எப்படியோ ஒரு கடிதம் வெளியே போய் விடுதலை கிடைத்தது. ஆனால் தான் தான்தான் என்று அவளால் கோர்ட்டில் நிரூபிக்க முடியவில்லை. இராஜா போனார், புரட்சி வந்தது, நெப்போலியன் வந்தார், அவரும் போனார். அவள் வழக்கு மட்டும் தீரவில்லை. 1817-இல் ஏழையாக இறந்தாள்.

இது பிரான்சு தேசத்துப் பழங்கதை என்று லண்டன் வாசகர்கள் நிம்மதியாக இருந்திருக்கலாமே? இருக்க முடியவில்லை. கதை ஆரம்பமாவதற்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவர்கள் பத்திரிகையில் படித்த செய்தி அப்படிப்பட்டது.

ஸர் எட்வர்ட் புல்வர் லிட்டன் பிரபல நாவலாசிரியர், அரசியல்வாதி. 1858 ஜூன் மாதம் குடியேற்ற நாடுகளின் மந்திரியானார். அதற்காக ஹெர்ட்போர்டில் மறுபடி தேர்தலுக்கு நின்றார். அவரைப் பிரிந்து வெகு காலமாகத் தனியே வாழ்ந்த மனைவி ரோஸினா, அந்தத் தேர்தல் மேடைக்கே வந்து, கூட்டத்தின் முன்னால் கணவரின் யோக்கியதையை வெளுத்து வாங்கினாள். சில நாளில், பண விஷயமாகப் பேச அவளை லண்டனுக்கு வரவழைத்தார்கள். இரண்டு டாக்டர்கள் கையெழுத்திட்டார்கள். பிரென்ட்போர்டில் ஒரு தனியார் விடுதியில் அடைத்து விட்டார்கள். நல்ல வேளையாக, அவள் வாழ்ந்த டாண்டன் ஊர் ஜனங்களும் பத்திரிகைகளும் சத்தம் போட்டார்கள். சுமார் மூன்று வாரத்தில் விட்டு விட்டார்கள். அந்த வருஷம் இப்படி இன்னும் சில வழக்குகள் வெளிவந்து, பார்லிமெண்டு 1859-இல் ஒரு விசாரணைக் கமிட்டி போடும்படி ஆயிற்று.

ஆக, 1859 நவம்பரில் வெள்ளுடைப் பெண் சாலையில் வந்து நின்றபோது, அவள் எங்கிருந்து தப்பி வந்தாள் என்று வாசகர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பயம் ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தது. காலின்ஸ் அதன் தோளைத் தொட்டார், அவ்வளவுதான்.

ரோஸினாவும் இந்த நாவலைப் படித்தாள். பாஸ்கோ ஒரு வில்லனா, உண்மையான வில்லன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும், அவன் என் புருஷன் என்கிற தோரணையில் காலின்ஸுக்கு அவள் எழுதினாள் என்று சொல்வார்கள். என் பாட்டி கீரையை வைத்துவிட்டு எழுந்து போனாளே, அந்தக் குரல்தான் இதுவும்.

புத்தகத்தை யாருக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார், பாருங்கள்! பிரையன் புரோக்டர் என்ற கவிஞர். அவருடைய உத்தியோகம், பைத்தியக்கார விடுதிகளை மேற்பார்வை செய்யும் அரசாங்கக் கமிஷனர்! நன்றி தெரிவித்தாரா, ஊசி குத்தினாரா என்று தீர்மானிக்க முடியாத சமர்ப்பணம்.

பெரிய மனிதர்களுக்கு இந்த மாதிரிக் கதைகள் பிடிக்கவில்லை. 1863-இல் 'குவார்ட்டர்லி ரிவியூ'வில் மான்ஸல் என்ற தத்துவப் பேராசிரியர், இவை அறிவுக்குப் போதிக்காமல் நரம்புகளுக்குப் போதிக்கின்றன என்று கண்டித்தார். நரம்புக்குத்தான் போதித்தன, ஒப்புக் கொள்கிறேன். ஆனால் எந்த நரம்புக்கு? சட்டப் புத்தகத்தில் வறண்ட வாக்கியமாகப் படுத்திருந்ததை எழுப்பி, 'இது உன் அக்காவுக்கு நடக்கலாம், நாளைக்கு உன் பெண்ணுக்கு நடக்கலாம்' என்று உடம்பு உணரும்படி செய்தது அந்த நரம்புதான். அதனால் மறுநாளே சட்டம் மாறிவிட்டது என்று நான் பீற்றிக் கொள்ள மாட்டேன். தொப்பி வாங்கியவர்கள்தான் அதிகம். கதைக்கு அவ்வளவு சக்தி இருந்தால் நாங்கள் எல்லாரும் மந்திரிகளாகியிருப்போம்.

சென்ற வருஷம் இந்த நாவலை மறுபடியும் எடுத்துப் படித்தேன். 18 வயதில் தெரியாத ஒரு விஷயம் இப்போது தெரிந்திருந்தது. அதைச் சொல்லி முடிக்கிறேன். 

கதையை வெளியிட்ட டிக்கன்ஸ், தம் மனைவி காதரினை விட்டு 1858 மே மாதத்தில் பிரிந்தார். 22 வருஷ இல்லறம், பத்துக் குழந்தைகள். ரோஸினாவை அடைத்ததற்குச் சுமார் ஒரு மாதம் முந்திய சம்பவம். காதரினுடைய மனநிலை சரியில்லை என்கிற தொனியில் டிக்கன்ஸ் அப்போது எழுதியது பகிரங்கமானது. அதற்கு மேல் என்ன நடந்தது என்பது வெகு காலம் வெளிவரவில்லை. 2019-இல், யார்க் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜான் போவன் அமெரிக்காவில் ஹார்வர்டில் இருந்த ஒரு கடிதக் கட்டைப் படித்து வெளியிட்டார். காதரினின் கடைசிக் காலத்தில் அண்டை வீட்டில் வசித்த எட்வர்ட் டட்டன் குக் என்ற எழுத்தாளர் தம் நண்பருக்கு எழுதிய கடிதங்கள் அவை. காதரின் தம்மிடம் சொன்னதாக அவர் எழுதுகிறார்: டிக்கன்ஸ் அவளைப் பைத்தியக்கார விடுதியில் அடைத்து விடக் கூட முயன்றார்; சட்டம் எவ்வளவு மோசமாக இருந்தும், அதை அவ்வளவு தூரம் வளைக்க அவரால் முடியவில்லை.

இது காதரின் பக்கத்துச் சாட்சியம். டிக்கன்ஸ் பக்கத்துப் பதிலை நாம் கேட்க முடியாது. காலின்ஸின் நாவலைப் போலவே, ஒவ்வொரு சாட்சியும் தான் கண்டதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் டிக்கன்ஸின் பக்தன். டேவிட் காப்பர்பீல்டுக்காக அழுதவன். அந்தச் செய்தியைப் படித்த அன்று, அலமாரியில் வரிசையாக நிற்கும் அவருடைய புத்தகங்களை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கஷ்டமாயிருந்தது.

பிறகு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. டிக்கன்ஸ் தம் மகன் ஹென்றியிடம் சொன்னாராம்: தாம் படித்த இலக்கியத்திலேயே நாடகச் சுவை மிகுந்த காட்சிகள் இரண்டு, ஒன்று, கார்லைலின் பிரெஞ்சுப் புரட்சிச் சரித்திரத்தில் பெண்கள் கூட்டமாக வெர்ஸேல்ஸுக்கு நடந்து போவது, மற்றொன்று, வெள்ளுடைப் பெண் விடுதியிலிருந்து தப்பி ஹாம்ஸ்டெட் சாலையில் வந்து நிற்பது.

எத்தனையோ காட்சிகள் இருக்க, அந்தக் காட்சி அவர் மனதில் ஏன் அப்படித் தங்கிவிட்டது? கலைஞனின் ரசனை என்று சொல்லலாம். குக்கின் கடிதத்தைப் படித்த பிறகு, எனக்கு அது மட்டும் போதவில்லை. ஒவ்வொரு வாசகனும் ஒரு கதையில் தனக்குத் தெரிந்த பயத்தைத்தான் கண்டுபிடிக்கிறான். என் பாட்டி புழக்கடை அறையைக் கண்டாள். ரோஸினா தன் புருஷனைக் கண்டாள். டிக்கன்ஸ் வாரா வாரம் அந்தக் கதையைத் தம் பத்திரிகையில் வெளியிட்டுக் கொண்டிருந்தபோது, சாலையில் நிற்கும் அந்தப் பெண்ணின் முகத்தில் யாரைக் கண்டார்?

வில்கி காலின்ஸ் 1889-இல் இறந்தார். கென்ஸல் கிரீன் இடுகாட்டில் அவருடைய கல்லறையில், அவர் விருப்பப்படியே, 'வெள்ளுடைப் பெண்ணின் ஆசிரியர்' என்று பொறித்திருக்கிறார்கள். என் பாட்டி இறந்தும் வெகு வருஷமாகிறது. புழக்கடை அறையிலிருந்த அந்தப் பெண்ணின் பெயரை நான் அவளிடம் கேட்டு வைத்துக் கொள்ளவில்லை. கதாசிரியனாகப் போகிறவன் அதைக் கேட்டிருக்க வேண்டும்.